மண் மூடாத இரத்தம்

மச்சான்,

இன்றைக்கு வவுனியா ஆசுப்பத்திரியில் ஊசி குத்த முதல், தாதிப் பிள்ளை என் கையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். நீயும் வாசிக்கத் தெரியாதவன்தான். ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும்.

காட்டை விட்டு இடம்பெயர்ந்து நாங்கள் முகாமுக்கு வந்த மாரி. பிள்ளைகளுக்கெல்லாம் காய்ச்சல். வெள்ளை வாகனத்தில் ஒரு ஆராய்ச்சி ஐயா வந்து, "மலேரியா பாக்கப்போறம், வேடர் குடும்பங்கள் மட்டும் வாங்கோ" என்றார். மலேரியா என்றால் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுப்பார்கள், அதுதான் நாங்கள் கண்டது. ஒன்றும் கேளாமல் விரலை நீட்டிக்கொண்டு நின்றோம். அவரோ முழங்கை மடிப்பை இதே ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஊசி ஏற்றிக் குழாய் நிறைய எடுத்தார்.

நீதான் கேட்டாய்: "ஐயா, காய்ச்சல் எங்களுக்கு மட்டுமோ? பக்கத்துக் கொட்டில் ஆக்களையும் நுளம்பு கடிக்குதுதானே?"

அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

அடுத்த மாரிக்கு அவருடைய உதவியாளர் வந்தார், குழந்தைகளின் இரத்தத்துக்கு. முந்தி எடுத்ததில் காய்ச்சல் இருந்ததோ என்று விசாரித்தாய்.

"அது காய்ச்சலுக்கில்லை அப்பு. உங்கட ஆக்கள் ஆதியில எங்கயிருந்து வந்தவை எண்டு இரத்தத்தில பாக்கிறது."

"அப்ப ஏன் மலேரியா எண்டவர்?"

"அப்பிடிச் சொன்னாத்தானே கை நீட்டுவீங்கள்."

"என்ரதைத் திருப்பித் தாங்கோ."

"அது வெளிநாட்டில, ஐஸ்பெட்டிக்குள்ள பத்திரமாய் இருக்கு."

தேன் எடுக்கப் போய்க் கத்தி பட்டாலும், சிந்திய இரத்தத்தை மண்போட்டு மூடிவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் அடுத்த அடி வைப்பார்கள். உடம்பை விட்டுப் போனது, உடம்பு வரும்வரை மண்ணில் காத்திருக்கவேண்டும். இதை நீ அவருக்குச் சொல்லத் தொடங்கினாய். முகாமின் மற்றச் சனம் சுற்றி நின்று பார்த்தது. அவர்களுக்கு முன்னால் நாங்கள் காட்டுச் சனம் என்று தெரிய எனக்கு வெட்கம்.

"விடடா மச்சான்! வட்டியோட அனுப்புவினம், இருந்து வாங்கு" என்றேன்.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நீ அந்த ஆளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாய். பிறகு பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொட்டிலுக்குள் போய்விட்டாய்.

அந்த மாரி முடியமுன் நீயே காய்ச்சலில் விழுந்தாய். பாயில் கிடந்து, "மச்சான், என்னை முழுசாய்ப் புதைக்கேலாது, என்ன?" என்றாய். நான் தண்ணீர்ச் செம்பைத் தேடுகிறவன் போலத் திரும்பிக்கொண்டேன்.

இன்றைக்கு அந்தத் தாதிப் பிள்ளையிடம் கேட்டேன்: "மோனை, இது எங்க போகும்?"

"சீனி வருத்தம் இருக்கோ எண்டு பாக்கத்தான் அப்பு. பாத்துப்போட்டு ஊத்திவிடுவம்."

உன்னோடு சேர்ந்து அன்றைக்கு நான் கேளாத கேள்வி இவ்வளவுதான் மச்சான். அவள் முகம் சுளிக்கவில்லை. வரிசையில் நின்ற ஒருவரும் சிரிக்கவுமில்லை.

ஊசி குத்தின இடத்தில் வைத்த இரத்தப் பஞ்சை மடியில் முடிந்துகொண்டு வந்து, உன்னைப் புதைத்த இடத்தில், தலைமாட்டில் கிண்டிப் போட்டு மூடினேன். அது என்னுடையது. உன்னுடையது இன்னும் அந்தக் குளிருக்குள் இருக்கிறது. நீ அன்றைக்குப் பார்த்த பார்வை என்னிடம் இருக்கிறது.