தனி ஆளுக்கு ஒரு பத்திரிகை

ஆகஸ்ட் 18, திங்கள்

சங்கரம்மாள் சித்தி பத்திரிகை வைக்க வந்தாள். அவள் மகள் கோமதிக்கு வருகிற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி கல்யாணம். திருவேங்கடம் ரோட்டு மண்டபம். தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், குங்குமம் எல்லாம் முறையாகத்தான் இருந்தது. அதோடு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அடுக்களையை எட்டிப் பார்த்தாள், பாத்ரூமைத் திறந்து பார்த்தாள்.

"நீ தனி ஆளுதான சுந்தரி. இம்புட்டு பெரிய வீடு சும்மாத்தான கெடக்கு. வெளியூர்க்காரங்க நாலு பேரு வந்து தங்கிக்கிடட்டும், என்னா?"

வீடு சும்மா கிடக்கவில்லை. அதில் நான் இருக்கிறேன். இதை வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். "சரி சித்தி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஆகஸ்ட் 22, வெள்ளி

நாலு பேர் ஒன்பது பேர் ஆகிவிட்டார்கள். என் வீட்டில் பாய் பத்தாது என்று சித்தி என்னிடமே குறைப்படுகிறாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கோமதியின் அக்காமார், மதினிமார் எல்லாருக்கும் ஒரே மாதிரி மாம்பழ மஞ்சள் சேலை. புருசன்மாருக்கு அதே நிறத்தில் சட்டை. எனக்கு இல்லை. கேட்கவும் இல்லை நான் — சித்தியே வந்து விளக்கம் சொன்னாள். "எல்லாம் ஜோடியா எடுத்தோம் மக்கா. உனக்கு மட்டும் ஒத்தச் சேலை எடுத்தா நல்லாருக்காதுன்னு விட்டுட்டோம்."

யாருக்கு நல்லாருக்காது?

பச்சை கட்டப் போகிறேன். கிளிப்பச்சை. போட்டோவில் கண்ணைக் குத்த வேண்டும்.

ஆகஸ்ட் 27, புதன்

கண் ஆஸ்பத்திரியில் இன்று ஒரே கூட்டம். 'இந்த எழுத்து தெரியுதா, இது தெரியுதா' என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டு வீட்டுக்கு வந்தால், வாசல் முழுக்கச் செருப்பு. ராமசுப்பு அண்ணன் ராஜபாளையத்திலிருந்து மதினி, பிள்ளைகளோடு வந்துவிட்டான். வழியில் இளையரசனேந்தல் போய்ப் பேச்சித்தாய் அத்தையையும் கூட்டி வந்திருக்கிறான். அப்பாவோடு கூடப் பிறந்தவள். மாமா போனதிலிருந்து ஊரில் ஒண்டியாக ஆடு வளர்த்துக்கொண்டு இருப்பவள்.

ரெண்டு நாள் கல்யாணத்துக்கு அத்தை கொண்டு வந்திருப்பது: ஒரு டிரங்குப் பெட்டி, ரெண்டு கட்டைப் பை, தலையணை, கம்பளி, அரிசி புடைக்கிற சுளகு. சுளகு எதுக்கு? வந்ததும் என் உப்பு ஜாடியை இடம் மாற்றினாள். "இங்கன இருந்தாத்தான் கைக்கு வாகா இருக்கும்."

படுக்கப் போகும்போது கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டு என் தலையைத் தடவுகிறாள். "பயப்படாத ஏட்டி. நான் வந்துட்டேம்லா."

நான் எப்போது பயந்தேன்?

ஆகஸ்ட் 28, வியாழன்

மண்டபத்தில் மருதப்பன் மாமா: "எங்கயாவது அமைஞ்சிதாம்மா?" ஏதோ காணாமல் போன குடையைக் கேட்பதுபோல. "அமைஞ்சிட்டு மாமா, சிவப்புக் கலர், பெட்ரோல்ல ஓடும்" என்றேன், என் ஸ்கூட்டியைச் சொல்லி. சிரிக்கவில்லை. பாவமாகப் பார்த்தார்.

நகை, சீர் சாமான் வைத்த ரூம் சாவி என் கையில். "நீ தனி ஆளு. யாரும் உன்னத் தேட மாட்டாங்க. இங்கனயே இரு." சித்திதான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

தாலி கட்டும்போது நான் ரூம் வாசலில் நாற்காலி போட்டுக் காவல். கெட்டிமேளச் சத்தத்தை வைத்துத்தான் கோமதிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று தெரிந்துகொண்டேன். கிளிப்பச்சைச் சேலையைப் பார்த்தது அந்தக் கதவு மட்டும்தான்.

கடைசிக்கு முந்தின பந்தியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ராமசுப்பு அண்ணன். சாம்பார் வரும்போது சாதாரணமாகச் சொல்லுகிறான்: "அத்தை சாமானெல்லாம் உன் உள்ரூம்லயே இருக்கட்டும். இனிமே அவ உன்கூடத்தான். கடைசிக் காலத்துல சுந்தரிகூட இருக்கணும்னு ரொம்ப ஆசைப்படுதா."

எதிர் வரிசையில் மதினி தலையாட்டுகிறாள். மருதப்பன் மாமா தலையாட்டுகிறார். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது!

"என்கிட்ட யாருண்ணே கேட்டா?"

"கேக்க என்ன இருக்கு? நீ தனி ஆளுதான."

அவ்வளவுதான். எங்கிருந்துதான் அந்தச் சத்தம் வந்ததோ. "நான் என்ன முதியோர் இல்லமா நடத்துதேன்? கொண்டாந்து தள்ளுததுக்கு என் வீடுதான் கெடச்சுதா?" சாம்பார் வாளிக்காரர் அப்படியே நின்றுவிட்டார். என் முதுகுக்குப் பின்னால் ஒரு இலை மடிக்கிற சத்தம். திரும்பினால் அத்தை. பாயசம்கூட வரவில்லை, எழுந்து போய்விட்டாள்.

கை கழுவி வந்து தேடினால் ஆளைக் காணோம். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பஸ் ஸ்டாண்டில், அவள் ஊர்ப் பஸ் நிற்கிற இடத்தில் நிற்கிறாள். காலில் செருப்பு இல்லை. அந்த வெயிலில், அந்தத் தாரில்.

"எங்க போறீங்க அத்தை?"

"வீட்டுக்கு."

"பெட்டி எல்லாம் எங்க வீட்ல கெடக்கு."

"நீயே வச்சுக்க." முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவளுக்கே தாங்கவில்லை. "நீதான கூப்புட்டு விட்ட? ராத்திரி தனியாப் படுக்கப் பயமா இருக்கு, அத்தையக் கூட்டிட்டு வான்னு அழுதேன்னு ராமசுப்பு சொன்னான். பிள்ளை பயப்படுதேன்னுதான் ஆட்டையெல்லாம் இசக்கித்துரைகிட்ட ஒப்படச்சிட்டு வந்தேன். அதுக்குப் பந்தியில வச்சு இந்தப் பேச்சா?"

"நான் அழுகவே இல்ல அத்தை. நீங்க எங்கூட இருக்க ஆசைப்படுதீங்கன்னு அவன் சொன்னான்."

"எனக்கு எதுக்கு இந்த டவுன்ல இருக்க ஆச?"

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டே நின்றோம். பஸ் வந்தது. கண்டக்டர் ஏறுங்க ஏறுங்க என்றார். ஏறவில்லை. பஸ் போய்விட்டது.

செல்லை எடுத்துப் பார்த்தால் சித்தியிடமிருந்து வரிசையாக மிஸ்டு கால். ரூம் சாவி என் இடுப்பில். மாப்பிள்ளை வீட்டார் சீர் சாமானுக்காக வேனில் உட்கார்ந்திருக்கிறார்கள். இருக்கட்டும். அத்தைக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனேன்.

ஆகஸ்ட் 30, சனி

அண்ணன் நேற்றே சொல்லாமல் கொள்ளாமல் ராஜபாளையம் போய்விட்டான். போன் போட்டேன்.

"ரெண்டு பேருக்கும் நல்லதுக்குத்தான் அப்படிச் சொன்னேன். ஜூன் மாசம் அத்தை கிணத்தடியில விழுந்தப்போ லீவு போட்டுட்டு ஓடுனது யாரு? நீயா?"

அத்தை செல்லைப் பிடுங்கினாள். "ஏலே, நான் விழுந்தது நெசம். எந்திரிச்சதும் நாந்தான். நீ மறுநா மத்தியானம் வந்து காப்பி குடிச்சிட்டுப் போன."

அவன் போனை வைத்துவிட்டான்.

பந்தியில் பேசினதுக்கு அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். "கத்தத்தான் செய்வ. நானா இருந்தா எலையோட தூக்கி அவன் மூஞ்சில எறிஞ்சிருப்பேன்" என்றாள். ஆனால் சாயங்காலம் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. மறக்க மாட்டாள். நானும்தான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஆட்டோ பிடித்து அத்தையை ஊரில் கொண்டுபோய் விட்டேன். சுளகு உட்பட. பக்கத்து வீட்டு இசக்கித்துரை ஆடுகளைத் திருப்பி ஓட்டி வந்தான். அத்தை குரல் கொடுத்துக் கூப்பிடுகிறாள், ஒன்றாவது திரும்பிப் பார்க்க வேண்டுமே! "அஞ்சு நாள்ல மறந்துட்டியளா மூதிகளா" என்று அவள் திட்டின திட்டில் தெருவே எட்டிப் பார்த்தது.

கிளம்பும்போது அந்தக் கிணற்றடியைப் பார்த்தேன். பாசி வழுக்குகிறது. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

தினமும் காலையில் அத்தையிடமிருந்து போன். "எந்திச்சாச்சா?" "ஆச்சு." "நானும் எந்திச்சாச்சு." வைத்துவிடுவாள். குளிக்கிற நேரம் பார்த்துத்தான் அடிக்கிறாள்.

செப்டம்பர் 25, வியாழன்

காலையில் போன் வரவில்லை. நான் போட்டால் சுவிட்ச் ஆஃப். இசக்கித்துரை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் போனேன் — எப்படிப் போனேன் என்று நினைவில்லை. அத்தை ஆட்டுக்கு வேப்பங்குழை ஒடித்துக்கொண்டு நிற்கிறாள். கரண்ட் இல்லையாம், செல்லில் சார்ஜ் போடவில்லையாம்.

"அதுக்கு ஏன் பேயறைஞ்ச மாதிரி வார?"

கத்தினேன். மண்டபத்தில் கத்தினதைவிடச் சத்தமாக. அவளும் கத்தினாள். பிறகு கம்மஞ்சோற்றில் மோர் ஊற்றி வைத்தாள். சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஒரு நாள் சம்பளம் போச்சு.

நவம்பர் 2, ஞாயிறு

அத்தை வந்திருந்தாள். நேற்றே கேட்டாள்: "நாளைக்கு வரவா? உனக்குச் சோலி ஏதும் இருக்கா?" எங்கள் குடும்பத்தில் என்னிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. சாப்பிட்டோம், டிவி பார்த்தோம், கோமதியின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டி எல்லாரையும் குறை சொன்னோம்.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. "இருந்துட்டு நாளைக்குப் போங்களேன்" என்றேன். என் வாய்தான் சொன்னது. "ஆடு குட்டி போட்டிருக்கு, யாரு பாப்பா?" என்று குடையை எடுத்துக்கொண்டாள். கெஞ்சவும் செய்தேன். கேட்கவில்லை, பிடிவாதக்காரி.

பஸ் ஏற்றிவிட்டு வந்து ஈரத்தலை துவட்டுவதற்குள் ராமசுப்பு அண்ணன் போன். "அத்தை வந்தாளாமே? பாத்தியா, நான் அன்னைக்கே சொன்னேம்லா, ரெண்டு பேருக்கும் ஒத்துப் போகும்னு." பதிலே சொல்லாமல் வைத்துவிட்டேன். இவனை என்ன செய்வது?

மழை இன்னும் விடவில்லை. பஸ் குருவிகுளம் தாண்டியிருக்கும். இறங்கினதும் போன் போடச் சொல்லியிருக்கிறேன். அதுவரைக்கும் எழுதுவோம் என்றுதான் உட்கார்ந்தேன்.