எட்டாம் வசனத்தோடு நிறுத்துகிறவர்

அப்பா,

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. அம்மா ஸ்கேன் செய்யச் சொல்லி அனுப்பிய உங்கள் பிரசங்க நோட்டுகளை நேற்று முடித்தேன்.

ஐந்து மாதத்துக்கு முன் சாப்பாட்டு மேசையில் கத்தினேனே: "நீங்க உயிர்த்தெழுந்த ஞாயிறுல வாசிக்கிற சுவிசேஷத்தோட கடைசிப் பன்னிரண்டு வசனம் ரொம்பப் பழைய பிரதிகள்ல இல்லவே இல்ல. பின்னால யாரோ சேர்த்தது. போதகரா இருந்துட்டு உங்களுக்குத் தெரியாதா, இல்ல மறைச்சீங்களா?"

"முதல்ல சாப்பிடுடா, அவசரக்குடுக்கை. அப்புறம் பேசலாம்" என்றீர்கள். நான் அப்புறம் வரை இருக்கவில்லை. உங்களைப் பொய்யர் என்று நினைத்துக்கொண்டு ஜெபிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

முப்பத்தொரு வருட நோட்டுகள். உயிர்த்தெழுந்த ஞாயிறுதோறும் கடைசி அதிகாரத்தின் எட்டாம் வசனத்தோடு, அந்தப் பன்னிரண்டு வசனம் தொடங்கும் முன்பே, நிறுத்தியிருக்கிறீர்கள். வெறுங்கல்லறையைக் கண்ட பெண்கள் பயந்து ஓடி, யாரிடமும் எதுவும் சொல்லாத இடம் அது. சின்ன வயதில், சீக்கிரம் விட்டுவிட்டாரே என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

முதல் நோட்டின் ஓரத்தில் பென்சில் எழுத்து: "மீதி பிற்சேர்க்கை. ஆனால் அந்தப் பெண்கள் யாரிடமோ சொல்லியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்?"

வாய்விட்டுச் சிரித்தேன். நெஞ்சை அடைத்திருந்த கல் புரண்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கதவோரமாகத்தான் உட்காருவேன், பயந்தால் ஓட வசதி. ஆராதனை முடிந்ததும் முதலில் சாப்பிடுவேன். அப்புறம் பேசலாம்.

உங்கள்
அவசரக்குடுக்கை