கீறல் விழாத ஷட்டர்

மார்ச் 4, செவ்வாய்

பஸ் கட்டண உயர்வை எதிர்த்து ஊர்வலம். நானும் போனேன். கடைத்தெருவில் கல் பறக்க ஆரம்பித்ததும் வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. டிவி கடை ஷட்டரை இடிக்கக் கடப்பாரையை ஓங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் மச்சானும் போன வருஷம் எங்கள் பட்டறையில் செய்து மாட்டிய ஷட்டர். "இடிக்காதீங்கடா, பட்டையெல்லாம் நெளிஞ்சிடும்!" என்று கத்திக்கொண்டே கூட்டத்துக்குள் புகுந்தேன். எங்கே தட்டினால் பூட்டு விடும் என்று எனக்குத் தெரியும். தட்டினேன். தூக்கினேன். கைதட்டினார்கள். நான் சிரித்தேன் வேறு.

கொஞ்ச நேரத்தில் உள்ளே நெருப்பு.

மார்ச் 5

கடை முழுக்கச் சாம்பலாம். நான் ஒரு ரிமோட்டைக்கூடத் தொடவில்லை. அப்புறம் எதற்குக் கடைத்தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனேன்?

மார்ச் 7

பட்டறைக்குப் போலீஸ் வந்திருக்கிறது. நான் சாமான் வாங்கப் போயிருந்தேன். மச்சானைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஷட்டரில் ஒரு கீறல் இல்லை, மாட்டினவன்தான் திறந்திருக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னாராம். பில்லில் கையெழுத்துப் போட்டது மச்சான், அதனால் அவன் பேரைச் சொல்லியிருக்கிறார். மச்சான் அன்றைக்கு அந்தப் பக்கமே வரவில்லை. காய்ச்சலில் தன் அறையில் தனியாகக் கிடந்தான். சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவான், தலையணையையா?

என் மனைவி அழுதுகொண்டே சாப்பாடு போட்டாள். "என் தம்பிய மாட்டிவிட்டவன் கை அழுகிப்போகும், பாருங்க." அந்தக் கையால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 8

மச்சானுக்காக என்று சொல்லி வக்கீலைப் பார்த்தேன். "ஒருத்தன் எதையும் எடுக்கல, தீ வைக்கல, கதவ மட்டும் திறந்துவிட்டான்னா?"

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "கலவரம்னு தெரிஞ்சும் கூட்டத்தோட நின்னாலே குத்தங்க. கூட்டத்துல ஒருத்தன் தீ வச்சா, கூட நின்னவனுக்கும் அதுல பங்கு வரும். கதவத் திறந்தவன் எப்படித் தப்பிப்பான்?" அப்புறம், "உங்க மச்சானைத்தானே சொல்றீங்க?" என்றார்.

தலையாட்டினேன். சீ.

மார்ச் 9

எழுத ஒன்றும் வரவில்லை.

மார்ச் 10

ஸ்டேஷனில் மச்சானைப் பார்த்தேன். உதடு வீங்கியிருக்கிறது. "மாமா, நான் போகலன்னு நீங்களாவது சொல்லுங்க. உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும்டா. என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனா வாய் வரலையே... நானெல்லாம் ஒரு மனுஷன்!

வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்லிவிட்டேன். என் கையையே பார்த்தாள். "எதுக்குத் திறந்தீங்க?"

"பட்டை நெளிஞ்சிடுமேன்னு..."

"லூசா நீங்க?" என்று கத்தினாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். "ஸ்டேஷனுக்குக் கிளம்புங்க. நானும் வர்றேன். தனியா விட்டா பாதி வழியில திரும்பிடுவீங்க."

வாசலில் நிற்கிறாள். இதை எழுதிவிட்டுப் போகிறேன்.

மார்ச் 21, சிறை

நான் ஒத்துக்கொண்டும் மச்சானை விடவில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்துதானே செஞ்சீங்க?" என்று இன்ஸ்பெக்டர் குடைந்துகொண்டே இருந்தார். யாரோ போனில் எடுத்த வீடியோ கிடைத்தது. அதில் நான் மட்டும்தான் திறக்கிறேன். நேற்று அவனை விட்டுவிட்டார்கள்.

இன்று அவள் பார்க்க வந்தாள். ஜாமீன் கிடைக்கவில்லை என்றாள். தம்பி எங்கே என்று கேட்டேன்.

"கேட்டுக்கு வெளிய நிக்கிறான். உங்க மூஞ்சியில முழிக்க மாட்டானாம்."

"நீ?"

"நான்தான் வந்திருக்கேன்ல" என்றாள்.

மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.