மூன்று முனுசாமிகள்

மாசி 10, வெள்ளி

காலையில் பனி. பத்து மணிக்கு மேல் நல்ல வெயில். விக்கிரம வருஷம். மைசூர் பெரிய மகாராஜா ஆடியில் காலமானாரே, அதற்கு அடுத்த மாசி. இத்தாலிக்காரச் சிப்பாய்களை ரயில் ரயிலாகக் கைதியாகக் கொண்டுவந்து இறக்குகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் மர்பி டவுன் குழாயில் தண்ணீர் ஒரு வேளைதான்.

நான் சொல்கிறேன், மருமகள் லோகா எழுதுகிறாள். எனக்கு எழுத்துக் கிடையாது. அவள் மிஷன் ஸ்கூலில் ஐந்தாவது வரை. பேரனுடைய பழைய நோட்டு, பின்பக்கம். யாருக்கும் காட்டக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

காரணம்: ஜனக்கணக்கு எடுக்க ஒரு வாத்தியார் வந்தார். லோகாவைக் கேட்டார்.

"பெத்தது எத்தனைம்மா?"

"மூணு."

"இருக்கிறது?"

"ரெண்டு சார்."

எழுதிக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். நான் முந்திக்கொண்டு, "பதினொண்ணுன்னு போடுங்க" என்றேன்.

"என்ன பதினொண்ணு ஐயா?"

"என் சம்சாரம் பெத்தது. கன்னியம்மா."

"அவங்க எங்கே?"

"கல்பள்ளியில. பன்னெண்டு வருஷமாச்சு, பொதைச்சு."

பேனாவைக் காகிதத்திலிருந்து எடுத்துவிட்டார். "உயிரோட இருக்கிற பொம்பளைங்களுக்குத்தான் ஐயா இந்தக் கேள்வி. உங்களுக்கு வயசு மட்டும் சொன்னாப் போதும்."

"தாது வருஷப் பெரிய பஞ்சத்துல ஆடு மேய்க்கிற பையன்."

சிரித்துவிட்டு எழுபத்தைந்து என்று போட்டார். போய்விட்டார்.

ஆக, பதினொன்று என்ற கணக்கு எந்தக் காகிதத்திலும் இல்லை. அதற்குத்தான் இந்த நோட்டு.

மாசி 12, ஞாயிறு

சவரம். கிஸ்டப்பன் கடை. பெஞ்சில் மூன்று பேர், நடுவில் ஒரு பேப்பர். ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். சீமையில் பிள்ளை பிறப்பது குறைந்துகொண்டே வருகிறதாம். சாகிறவர்களுக்குச் சரியாகப் பிறப்பதில்லையாம். ஒரு தேசத்தில் நிறையப் பெற்றவளுக்கு மெடல் குத்துகிறார்களாம், சிப்பாய்க்குக் குத்துகிற மாதிரி.

கிஸ்டப்பன் என் தாடையைத் திருப்பினான். "பெரியவரே, உங்க சம்சாரம் அங்க பொறந்திருந்தா கழுத்து தாங்காது!"

"மெடலு பெத்ததுக்கா, தங்கினதுக்கா? கேட்டுச் சொல்லு."

"பெத்ததுக்குத்தான்."

"அப்ப வாங்கிக்கிறேன். தங்கினதுக்குன்னா எங்களுக்கு ஒண்ணே ஒண்ணு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும். தெருவுக்கு வந்ததும் சிரிப்பு இல்லை.

வீடு எண்ணிக்கொண்டே வந்தேன். பழைய பழக்கம். முப்பது வருஷம் அம்மை குத்துகிற இலாகாவில் பியூன் வேலை. அம்மைப்பால் பெட்டி என் தோளில், பின்னால் குத்துகிற ஐயா, அவர் பின்னால் ரிஜிஸ்டரோடு குமாஸ்தா. எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் அடுத்த மாதம், எல்லாம் என் தலைக்குள். அப்போது அல்சூரில் பதினோரு வீட்டுச் சந்தில் பதினாலு கைக்குழந்தை. அடுத்த வருஷம் போய்க் கேட்டால் பாதி வீட்டில் கையை விரிப்பார்கள். மடியில் வேறொன்று இருக்கும்.

இன்று எங்கள் சந்து, குழாயிலிருந்து மாரியம்மன் கோயில் வரை: பன்னிரண்டு வீடு, மூன்று கைக்குழந்தை. குறைச்சல்தான். ஆனால் போன வருஷத்துப் பிள்ளைகள் எல்லாம் தெருவில் ஓடுகின்றன. இதைப் பேப்பரில் எப்படி எழுதுவார்கள்? தெரியவில்லை.

வெற்றிலை, சுண்ணாம்பு வாங்க மறந்தேன்.

மாசி 13, திங்கள்

இதை எழுத மாட்டேன் என்றாள் லோகா. எழுது என்றேன். எழுதினாளா என்று எனக்கு எப்படித் தெரியும்? பென்சில் ஓடுகிற சத்தம் கேட்கிறது.

லோகாவுக்கு மூன்றாவது பிரசவம், போன வருஷம். பிள்ளை ரங்கன் ஒரு மாதம்தான் இருந்தான். இவளும் போக வேண்டியவள், பிழைத்தாள். இன்னொன்று வேண்டாம், உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சிட்டியில் சர்க்கார் ஆஸ்பத்திரி ஒன்றில் அதற்கென்றே ஓர் அறையாம். பிள்ளை வேண்டாம் என்கிறவர்களுக்கு வழி சொல்கிறார்களாம். புருஷன் கூட வர வேண்டுமாம்.

என் மகன் குப்புசாமி டெய்லர். சிப்பாய்களுக்கு உடுப்புத் தைக்கிற கடை. காலையில் அவன் சாப்பிடும்போது கேட்டாள்.

"ரெண்டு போதும்ங்கிறியா? அதுல ஒண்ணு போச்சுன்னா?"

"போகும்னே ஏன் நெனைக்கிறீங்க?"

"ரங்கன் போகலியா? அடுத்ததும் பையனா பொறக்கட்டும். ரங்கன்னே வைப்போம். அவனே திரும்பி வந்த மாதிரி."

"அவன் வருவான். நான் இருக்க மாட்டேன். டாக்டரம்மா சொன்னது காதுல விழுந்துச்சா இல்லியா?"

"டாக்டருங்க பயமுறுத்தத்தான் செய்வாங்க. எங்கம்மா பதினொண்ணு பெத்தா. ரெண்டோட நிறுத்தியிருந்தா நான் ஏது? பத்தோட நிறுத்தியிருந்தாலும் நான் இல்ல. நைனாவைக் கேளு!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அவன் சொன்னதில் பொய்யில்லை. அவன் பதினோராவது. வெற்றிலை இல்லாமல் வெறும் பாக்கை இடித்தேன். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான்.

மாசி 14, செவ்வாய்

மதியம். காற்று, புழுதி. குப்பு கடையில். வரிசையாகச் சொன்னேன்.

1. முனுசாமி. கன்னியம்மாவின் அப்பா பெயர். நாற்பது நாள். இழுப்பு.

2. பெண். பெயர் வைக்குமுன்.

3. மறுபடி முனுசாமி. போனவன் பெயரை அடுத்த பையனுக்கு வைப்பது எங்கள் வழக்கம். கெட்டிக்காரன். நான் பிடித்துக்கொண்டேன், ஐயா அம்மை குத்தினார், இடது கையில் மூன்று தழும்பு. என் செருப்புச் சத்தத்தைச் சந்துமுனையிலேயே கண்டுபிடிப்பான். நாலு வயது. பேதி.

4. ராஜம்மா. பிளேக் வந்த வருஷம்.

"மூணாவது போனப்ப அத்தை ரொம்ப அழுதாங்களா மாமா?" என்றாள் லோகா.

அழ விடவில்லை. அப்போது ஐந்தாவது வயிற்றில். இதோ பதில் வருதே, ஏன் அழுறே என்றார்கள் எல்லோரும். நானும் சொன்னேன்.

5. மூன்றாவது முனுசாமி.

இதோடு இன்று நிறுத்து என்றேன்.

மாசி 16, வியாழன்

நேற்று ஒன்றும் எழுதவில்லை. இன்று கடையில் துணி வரவில்லை, குப்பு வீட்டில். காக்கிச் சட்டைகளுக்குப் பித்தான் தைக்கிறான். கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னேன்.

மூன்றாவது முனுசாமி ஆறு மாதக் குழந்தை. குத்துகிற முறை எங்கள் சந்துக்கு. எங்கள் வாசல். குமாஸ்தா படித்தார்: "முனுசாமி, தகப்பன் வேங்கடம். குத்தியாச்சு." அது போன முனுசாமி, இரண்டாமவன். ஒரே பெயர், ஒரே தகப்பன், ஒரே வீடு. ரிஜிஸ்டரில் அவன் சாகவே இல்லை. எனக்குப் படிக்கத்தான் தெரியாது, காது நன்றாகக் கேட்டது. இவன் வேறு ஐயா என்று வாயெடுத்தேன். கதவுக்குப் பின்னால் கன்னியம்மா, பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, சொல்லாதே என்று தலையை ஆட்டினாள். கத்தி பட்டால் காய்ச்சல் வரும் என்று பயம். மூன்று பறிகொடுத்த பயம்.

ஊரார் பிள்ளைகளை அடுப்படியிலிருந்தும் குதிருக்குப் பின்னாலிருந்தும் தேடிப் பிடித்துக் கொடுத்தவன் நான். என் வாசலில் பேசாமல் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டேன். அடுத்த முறை ஆகட்டும். அடுத்த முறையும் குமாஸ்தா அதையேதான் படித்தார். பிளேக்கில்கூடத் தப்பினவன். நாலு வயதில் அம்மை வார்த்தது. பதினோரு நாள்.

இதைக் கன்னியம்மாவும் நானும் பேசிக்கொண்டதே இல்லை. சாகும்வரை.

குப்புவின் ஊசி நின்றுவிட்டது. "இப்ப எதுக்கு நைனா இது?"

"லீவு போட்டா எனக்குப் பதிலா பத்லி ஆள் வச்சுட்டுப் போவேன். அதே பெட்டி, அதே சந்து, யார் தூக்கினா என்ன? பிள்ளைங்களையும் அப்படியே நெனச்சுட்டோம்டா. குமாஸ்தா மட்டுமா ஏமாந்தான்? மூணு பேரையும் நானே ஒருத்தனாக்கிட்டேன். மூணு பேருடா அவங்க."

"அப்ப நான்?"

"நீ யாருக்கும் பத்லி இல்ல. குப்பையில உருட்டி எடுத்துப் புதுசாப் பேர் வச்சோம், நீயாவது தங்கட்டும்னு."

"அம்மா நிறுத்தியிருந்தா நான் இல்லையே. அதுக்குப் பதில் சொல்லு."

"இருந்திருக்க மாட்டே. வாஸ்தவம். ஆனா உன்னைப் பெத்த பின்னாடி அவளால எழுந்து நிக்க முடியல. உங்க அக்கா எல்லம்மாதான் இடுப்புல தூக்கி வளத்தா. லோகா போயிட்டா இந்த ரெண்டையும் யார் தூக்குவா? ரங்கன் பேரு ரங்கனுக்கே இருக்கட்டும், விடு."

நூலைப் பல்லால் கடித்தான். சட்டையை மடித்து வைத்தான். வெளியே போய்விட்டான்.

மாசி 17, வெள்ளி

விடிந்ததிலிருந்து மூட்டம். மழை இல்லை. குப்பு விளக்கேற்றுமுன் வந்தான். அடுப்படியைப் பார்த்துச் சொன்னான்.

"செவ்வாக்கெழமை லீவு கேட்டுட்டேன். ஆஸ்பத்திரிக்கு."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. "நெசமாவா?"

"எட்டு மணிக்கே ரெடியா இரு. பசங்களை நைனா பாத்துக்குவாரு."

பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தான். நோட்டை அவனே எடுத்தான். "எதுவரைக்கும் ஆச்சு?"

"அஞ்சு."

"சொல்லு."

இப்போது எழுதுகிறவன் குப்பு. லோகாவைவிட அழுத்துகிறான், காகிதம் கிழியப் போகிறது.

6. கோவிந்தம்மா. பிளேக் கொட்டகையில். ராஜம்மா போன மூன்றாம் நாள்.

7, 8. இரட்டை. ஒரே நாளில் போனார்கள். குழி மட்டும் தனித்தனியாக வெட்டச் சொன்னாள் கன்னியம்மா.

9. எல்லம்மா. தங்கவயலில் கட்டிக்கொடுத்தது. போன சண்டை முடிந்த வருஷம், விஷக்காய்ச்சல். வயிற்றில் பிள்ளை.

"அக்கா" என்றான். பென்சில் முனையைச் சீவினான்.

10. ஆண். பிறந்து அழவே இல்லை.

"இவனுக்கு முனுசாமின்னு வைக்கலியா?"

"உங்கம்மா வேணாம்னுட்டா."

11. குப்புசாமி.

எழுதினான். "அவ்வளவுதானே?"

இல்லை. பக்கத்தில் எழுது: இருக்கிறான்.