முனிக்குப் போட்ட கொய்யாப்பழம்

டயகம,
5.3.1961

அன்பு மகள் சண்முகவடிவுக்கு,

அப்பா பொன்னையா எழுதுவது. எழுத்துகள் கோணல்மாணலாகப் போகின்றன, பொறுத்துக்கொள். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் ஒரு வாய் வெற்றிலை தீர்ந்துவிடுகிறது. ஆனாலும் இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதால், கணக்கப்பிள்ளையைக் கெஞ்சாமல் என் கையாலேயே எழுதுகிறேன், அம்மா.

மனசுதான் சரியில்லை. எங்கள் லயத்து வீடுகளுக்குப் பின்னால் உள்ள கொய்யா, தக்காளி, மிளகாய் எல்லாவற்றிலும் புழு. விவசாயக் கந்தோரிலிருந்து அதிகாரி ஐயா வந்து காய்களை அறுத்துப் பார்த்தார். "இது இந்த மலையில இல்லாத ஈயோட புழு. பரவினா கீழ ஒரு மரக்கறித் தோட்டமும் மிஞ்சாது" என்றார். எங்கே அதிகம் என்று தேடிக்கொண்டே போனவர், முனியாண்டி மரத்தடியில் நின்றுவிட்டார்.

உனக்குப் பிள்ளை பிறக்கும்வரை போடுவதாக நான் நேர்ந்துகொண்ட பழங்கள் அங்கேதான் அழுகிக் கிடக்கின்றன. முனிக்குப் போட்டதை யாரும் தொடக்கூடாதே. "இங்கதான் பெருகுது. அடுத்த சனிக்கிழமைக்குள்ள புதைக்கணும். இல்லேன்னா காய்க்கிற செடி மொத்தத்தையும் பிடுங்கச் சொல்லி எழுதிருவேன்" என்கிறார்.

நான் என்ன செய்ய?

அப்பா
பொன்னையா

நோர்வூட்,
9.3.1961

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன்.

பழத்தைத் தொடாதீர்கள். என் இரண்டு பிள்ளைகள் கண் திறக்காமலே போனதை மறந்துவிட்டீர்களா? இந்த மாசக் கடைசியில் என் நாள். அதுவரை தவணை கேளுங்கள். தொட்டீர்களென்றால் அந்தக் கையோடு என் வாசலுக்கு வராதீர்கள். பயத்தில் எழுதுகிறேன், அப்பா.

மகள்
சண்முகவடிவு

டயகம,
9.4.1961

அன்பு மகளுக்கு,

தவணை கேட்டேன். "ஈக்குத் தவணை தெரியாது, பெரியவரே" என்றார் ஐயா. பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் வீரம்மா என் வாசலில் வந்து நின்றாள். "ஒம் மகளுக்கு ஒரு புள்ள வேணும், சரி. எனக்கு நாலு இருக்கு. செடியப் புடுங்கிட்டா அதுகளுக்கு என்னத்தப் போடுறது?" என்றாள்.

ஐயா சொன்ன சனிக்கிழமையே நானே குழி வெட்டினேன். பழங்களை வேறு யாரையும் தொடவிடவில்லை. "கோவமிருந்தா இந்தக் கையோட நிறுத்திக்க, சாமி" என்று சொல்லி மண்ணைத் தள்ளினேன். ஈ பிடிக்க ஐயா மரங்களில் கட்டியிருக்கும் டின்களில் ஈ குறைந்திருக்கிறதாம். செடிகள் தப்பின.

உன் நாள் கடந்துவிட்டது. ஒரு தகவலும் இல்லை. முன்பெல்லாம் கடிதம் வந்தால், படிப்பவர் முகத்தைப் பார்த்துப் பாதி தெரிந்துகொள்வேன். இனி நானே பிரித்து நானே படிக்க வேண்டும்.

வராதே என்றுதான் எழுதியிருந்தாய். எழுதாதே என்று எழுதவில்லை. அதனால் வருகிற வாரமும் எழுதுவேன்.

அப்பா
பொன்னையா