பிறந்த வீட்டுக் கோடி

இன்று சாயங்காலம் அம்மா புளியங்காய் வேகவைத்தாள், பெரியம்மா. வீடெல்லாம் அந்த வாசனை. மிளகாய் இல்லாமல், கீரையும் முள்ளங்கியும் போட்டு, நீங்கள் சொல்லிக்கொடுத்த உங்கள் நாட்டுக் குழம்பு. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். நான் மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

இப்போது எல்லோரும் தூங்குகிறார்கள். போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். நாளை ஊர்க் கூட்டம் முடியும்வரை உங்கள் பேச்சையே எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். பயமாக இருக்கிறது. பயந்து பயந்து அசந்தும் போய்விட்டேன்.

ஊருக்கு நீங்கள் மருந்து கொடுக்கிற சிஸ்டரம்மா. அம்மாவுக்கு மட்டும் அக்கா. அந்த உறவு புளியங்காயில்தான் தொடங்கியது. வந்த புதிதில் எங்கள் மரத்தடியில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தீர்களாம். "இன்னா சிஸ்டரு, மரத்துல பேய் எதனா தெரியுதா?" என்று அம்மா கேட்டாளாம். பிலிப்பைன்ஸில் உங்கள் அம்மா இந்தக் காயில்தான் குழம்பு வைப்பார் என்று சொல்வதற்குள் உங்களுக்கு அழுகை வந்துவிட்டதாம். அம்மா மரமேறி மடி நிறையப் பறித்து வந்தாள்.

நான் பார்த்த நாட்களில் நீங்கள் எப்போதும் களைத்தே வருவீர்கள். ஜீப் மேட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். மருந்துப் பையோடு ஏறி வந்து, எங்கள் வாசல் பாறையில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொள்வீர்கள். "முட்டி வேணாம்னு சொல்லுது. நீ கம்முனு கெடன்னு சொல்லிட்டு வர்றேன்." எங்களிடம் கற்ற தமிழ். மலைக்குக் கீழிருந்து வந்த பாதிரியார் அதைக் கேட்டுச் சிரித்தபோது, "இன்னா சிரிப்பு? எங்க வூட்டுப் பேச்சு இது" என்றீர்கள்.

ஒருநாள் அம்மா கேட்டாள். "ஏன்க்கா, எங்கள உங்க சாமிகிட்ட சேத்துக்க மாட்டியா?"

"உன் பேரச் சொல்லி தெனமும் பேசுறேன். நீ ஆத்தாகிட்ட என் முட்டியப் பத்திச் சொல்லு, போதும்."

அம்மா உண்மையிலேயே போய்ச் சொன்னாள். உங்கள் தவக்காலத்தில் எங்கள் வீட்டிலும் கறி ஆக்க மாட்டாள். ஆத்தா ஊர்வலம் உங்கள் வாசலைத் தாண்டும்போது நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பீர்கள்.

போன மாதம் நீங்கள் காய்ச்சலில் போய்விட்டீர்கள். உங்கள் தம்பி செல்போன் திரையில் அழுதார். அவர் கடலுக்கு அந்தப் பக்கம். "பொறந்த வூட்டுக் கோடி இல்லாம எப்படி அனுப்புறது?" என்று அம்மா ஜமுனாமரத்தூருக்குப் போய்ப் புதுச் சேலை வாங்கினாள். தட்டை என்னிடம் கொடுத்து முன்னால் நடக்கச் சொன்னாள். உங்கள் பெட்டிமேல் அதை விரித்தோம்.

உறவுக்காரர்தான் கோடி போடுவார்கள். பிறகு தீட்டுக் காப்பார்கள். இந்த வருட ஆத்தா திருவிழாவில் முதல் பொங்கல் பானை எங்கள் வீட்டு முறை.

நேற்று சித்தப்பா வந்தார். "அண்ணி, பழக்கத்துக்குப் போட்டோம்னு சொல்லிடுங்க. ஒறவுன்னா தீட்டு, பானை போயிடும். சிஸ்டரு வேதத்துல சேந்துட்டாங்கன்னு வேற பேசிக்கிறாங்க. ஊரே தள்ளி வெச்சிரும்."

அம்மா சாமையைப் புடைத்துக்கொண்டே இருந்தாள்.

"தட்டு தூக்குன புள்ள வாயால வரட்டும்னு ஊர்க் கவுண்டரு சொல்லிட்டாரு" என்று சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். அம்மா அதைச் சொல் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இன்று பாத்திரம் கழுவும்போது மூலையைப் பார்த்தேன். பொங்கலுக்கு வாங்கி வைத்த புதுப் பானை அங்கே இல்லை.

"மேல் வூட்டு அத்தைகிட்ட குடுத்துட்டேன்" என்றாள் அம்மா.

"எப்போ?"

"அக்காவ மண்ணுல வெச்சிட்டு வந்த அன்னிக்கே. தீட்டோட ஆத்தா பானையத் தொடலாமா?"

அப்போதுதான் அம்மாவைச் சரியாகப் பார்த்தேன். தலை எண்ணெய் காணாமல் பறந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து அவள் சாமி மாடத்தில் விளக்கேற்றவில்லை. கோயில் கிணற்றைச் சுற்றிக்கொண்டு தூரத்து ஊற்றில் தண்ணீர் எடுக்கிறாள். ஒருவரும் கேட்காதபோதே உங்களுக்காகத் தீட்டுக் காத்திருக்கிறாள், ஆத்தாவுக்கும் குறை வைக்காமல். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

நாளைக்கு அத்தனை பேர் நடுவில், "அவங்க உனக்கு இன்னா வேணும்?" என்றுதான் கவுண்டர் கேட்பார். தள்ளிவைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. கால் நடுங்கும். நீங்கள் முட்டியிடம் சொன்னதை நான் காலிடம் சொல்லிக்கொள்வேன். பிறகு, "பெரியம்மாங்க" என்று சொல்லிவிட்டு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன்.