எலுமிச்சை மரத்தடியில் எதுவும் இல்லை

சங்கரன்கோவில்,
பங்குனி, செவ்வாய்க்கிழமை.

தம்பி துரைப்பாண்டிக்கு,

இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ நலமா என்று கேட்கவில்லை. உன் நலத்தைத் தினமும் போனில் ஊருக்கே காட்டிக்கொண்டிருக்கிறாய், எனக்கும் தெரிகிறது.

இங்கே மழை இல்லை. கிணற்று மோட்டாரின் காயில் கருகி, நேற்றுத்தான் புதிதாகக் கட்டி வந்தது. புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சை விலை படுத்துவிட்டது. நீ கேட்கமாட்டாய், இருந்தாலும் எழுதுகிறேன். உன் வீடியோக்களில் அந்த மரங்கள் தாமாகவே காய்ப்பதுபோலத் தெரிகிறது.

உன் தகவல் வந்தது. அடுத்த வாரம் புது நாய்க்குட்டியோடு தனியாக வருகிறாயாம். தோட்டத்து அறையைக் கூட்டிவைத்து, கட்டிலில் வெள்ளை விரிப்பு போட வேண்டுமாம். கறுப்புக் குட்டி அதில் எடுப்பாகத் தெரியுமாம்.

போன பங்குனியிலும் இப்படித்தான் உன் நாய் மோச்சாவோடு வந்தாய். "நகரத்தை விட்டு, நானும் மோச்சாவும் மட்டும்" என்று போட்டிருந்தாய். நீ தனியாக இருந்த அந்த நாட்களில் வேளாவேளைக்குச் சோறு கொண்டுவந்தது நான். குளிக்க மோட்டாரைப் போட்டது நான். நீ தன்னந்தனியாக மேற்குமலையைப் பார்த்து நின்றாயே, அப்போது எதிரே போனைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் நான்தான். ஒரே ஒருமுறை தூக்குவாளியோடு குறுக்கே வந்துவிட்டேன். சிரித்துக்கொண்டே, "இவரு நம்ம தோட்டத்தைப் பாத்துக்கிடுத ஆளு" என்றாய். அப்பா படுத்த படுக்கையானபோது ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டு ஊருக்கு வந்தவனுக்கு உன் வாயிலிருந்து கிடைத்த பட்டம் அது. வீடியோவில் அந்த இடத்தை நான் பல தடவை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன்.

நம் தரிசில் ஆடு மேய்க்கிற நல்லக்கண்ணு உரத்துக்காக ஆடுகளை அடைத்துக் கிடை போட்டிருந்தார். நாயை அவிழ்க்காதே என்று உன்னிடம் சொன்னேன். "அவ சும்மா விளையாடுவாண்ணே, நீ போனைக் கீழ இறக்காத" என்றாய். அடுக்குமாடியில் வளர்ந்த நாய்க்கு ஆடு என்றால் என்ன தெரியும்? வாலை ஆட்டிக்கொண்டுதான் பாய்ந்தது. மந்தை சிதறியது. சினையாடு ஒன்று கிணற்றில் விழுந்து செத்தது.

நல்லக்கண்ணு உன்னிடம் ஒரு பைசா கேட்கவில்லை. தன் குடும்பத்து வழக்கத்தை மட்டும் சொன்னார். ஆட்டை விரட்டிய நாயை அவர்கள் அடிப்பதில்லை. கிடைக்கு நடுவே முளையடித்துக் கட்டிவிடுவார்கள். ஆடும் நாயும் ஒன்றின் வாடையை ஒன்று பழகும்வரை, அவிழ்த்துவிட்டவர் விடியுமட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து போய்விட்டால் நாய் அவருடையது இல்லை. "நாயை ஏன்யா குத்தம் சொல்லணும்? அவுத்துவிட்டவுக ஒரு ராத்திரி உக்காரட்டும். எங்க ஆடு ஒண்ணும் கடிச்சுத் திங்காது" என்றார். ஆட்டைப் பறிகொடுத்த மனிதர் உன்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தார்.

சரி என்று தலையாட்டினாய். மோச்சாவை முளையில் கட்டியதும், கொசுவத்தி எடுத்துவருகிறேன் என்று அறைக்குப் போனாய். அடுத்து எனக்குக் கேட்டது உன் கார் கிளம்பிய சத்தம். மோச்சாவும் அதைக் கேட்டாள். கயிறு இறுகி நாக்குத் தள்ளும்வரை சாலைப்பக்கம் இழுத்தாள். இதையெல்லாம் நீ பார்க்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

மறுநாள் உன் வீடியோ வந்தது. மோச்சாவைப் பாம்பு கடித்துவிட்டதாம்; எலுமிச்சை மரத்தடியில் உன் கையாலேயே புதைத்தாயாம். நன்றாக அழுதிருந்தாய். அப்பா செத்தபோது இவ்வளவு அழவில்லை. வாசுதேவநல்லூர்ச் சித்தி அதைப் பார்த்துவிட்டு, "ஏலே, ஒத்தப் புள்ளையப் பறிகுடுத்தவன் மாதிரி அழுதானே பாவம், நீ ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லப்படாதா?" என்று என்னைத்தான் ஏசினாள்.

ஆடித் தபசுத் திருவிழாவுக்கு உன் மனைவி கோகிலா பிள்ளையோடு வந்திருந்தாள். உனக்கு மீட்டிங். நீ சொன்ன பாம்புக்காகக் கோயில் உண்டியலில் வெள்ளியில் நாக உரு வாங்கிப் போட்டாள். புற்றுமண் வாங்கிவந்து, வீடியோவில் நீ காட்டிய மரத்தடியில் தூவிக் கும்பிட்டாள். "பெரியப்பா, மழை பெஞ்சா மோச்சா நனைஞ்சிருவாளா?" என்று பிள்ளை கேட்டது. நான் குடையைப் பிள்ளையின் தலைக்கு மேல் பிடித்தேன்.

மோச்சா அன்று மேலநீலிதநல்லூர்ப் பக்கம் நல்லக்கண்ணுவின் ஆடுகளோடு மேய்ந்துகொண்டிருந்தாள். கோகிலாவின் குரலைக் கேட்டால் ஓடிவந்துவிடுவாள் என்று முதல் நாளே நான்தான் ஓட்டிக்கொண்டு போகச் சொன்னேன். அன்றே சொல்லியிருந்தால் ஓர் அழுகை, ஒரு மன்னிப்பு என்று முடிந்துபோயிருக்கும். அது எனக்குப் போதாது. நீ இன்னொரு நாயோடு வருவாய் என்று எனக்குத் தெரியும். காத்திருந்தேன்.

நீ ஓடிப்போன அந்த ராத்திரி, உன் இடத்தில் விடியுமட்டும் உட்கார்ந்திருந்தவனும் நான்தான். விடிந்தபோது ஒரு கிடாக்குட்டி மோச்சாவின் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. நல்லக்கண்ணு கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்து, "உக்காந்தவருக்குத்தான் நாய், அண்ணாச்சி" என்றார். இப்போது என் கட்டிலுக்கு அடியில்தான் படுக்கிறாள். ஆனால் இன்றைக்கும் சாலையில் உன்னுடையதைப் போல வெள்ளைக் கார் போனால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறாள். கார் போனபிறகும் திரும்பி வர நேரமாகிறது. எனக்கு உன்மேல் இருக்கிற கோபங்களில் அதுதான் பெரியது.

நல்லக்கண்ணுவின் கிடை அடுத்த வாரம் நம் தரிசில்தான். நான்தான் வரச்சொன்னேன். நாய்க்குட்டியைக் கொண்டுவராதே. கோகிலாவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. மோச்சா யாரிடம் ஓடுகிறாள், யாரைக் கண்டு ஒதுங்குகிறாள் என்று அவர்களும் பார்க்கட்டும். உனக்கு மனமிருந்தால் ஓர் இரவு கிடையில் வந்து உட்கார். கொசுவத்தி நான் வாங்கிவைக்கிறேன். வெள்ளை விரிப்பு கிடையாது.

நீயே அவர்களிடம் சொல்லிக்கொள் என்று விட்டால், அதற்கும் ஒரு வீடியோ எடுத்து அழுவாய். அதனால் கடிதம் உனக்கு, உறையின் மேல் பெயர் கோகிலாவுக்கு. தபால் வருகிற நேரத்தில் நீ ஆபீசில் இருப்பாய். மாலையில் வீட்டுக்குள் நுழையும்போது அவள் கையில் இது இருக்கும்.

கோகிலாவும் பிள்ளையும் நன்றாக இருக்கட்டும். அம்மன் அவர்களுக்குத் துணை.

பெயர் போட வேண்டிய இடம் வந்துவிட்டது. போடப்போவதில்லை. என் கையெழுத்து கோகிலாவுக்குத் தெரியும். ஆனாலும் உன்னிடம் கேட்பாள். தோட்டத்து ஆள் எழுதியது என்று சொன்னாலும் சொல். எங்கண்ணன் எழுதியது என்று சொன்னாலும் சொல். எதைச் சொன்னாய் என்று கேட்க நான் அங்கே இருக்கப்போவதில்லை. பசை காய்ந்ததும், மோச்சாவைக் கூட்டிக்கொண்டு நடந்துபோய் இதை இப்படியே தபால் பெட்டியில் போட்டுவிடுவேன்.